மெட்டலர்ஜி படிக்கும் பெண்ணை ஆராய்ச்சிக்கு விடலாமா?

கேள்வி: கோத்தகிரி வாசகர், செப்டம்பர் 14

மகள் கோவையில் மெட்டலர்ஜி (உலோகவியல்) மூன்றாம் வருடம். கேம்பஸுக்கு ஐ.டி. கம்பெனி வந்தாலும் உட்கார மாட்டேன், மேலே படித்து மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம், கொழுந்து விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிலிம் ஃபேக்டரியையே மூடிவிட்ட மலை இது. இந்தப் படிப்புக்கு வாழ்க்கை உண்டா? ஆராய்ச்சியா, ஃபேக்டரி வேலையா, எது நிலைக்கும்? அந்தத் துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, இரவு

இருந்தவள் சொல்கிறேன். வாழ்க்கை உண்டு, பணம்தான் தாமதமாக வரும்.

முதலில் கணக்கு. கேட் தேர்வில் மெட்டலர்ஜிக்குத் தனித் தாள் இருக்கிறது. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். அதன்பின் பிஹெச்.டி. உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 (2023-ல் உயர்த்தியது), வாடகைப்படி தனி. பிஹெச்.டி. ஐந்து வருடத்துக்குள் முடிவது அபூர்வம். அதாவது அவள் கூடப் படித்தவர்கள் காருக்கும் வீட்டுக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது இவள் விடுதியில்தான் இருப்பாள். வீட்டில் கடன் இருந்தால் அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விடுங்கள், படிக்கட்டும்.

ஆராய்ச்சியா ஃபேக்டரியா என்ற கேள்விக்கு இரண்டு மூன்று நாளில் எழுதுகிறேன். அது இவ்வளவு சுருக்கமாக முடியாது.

செப்டம்பர் 15

"கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்று சேர்த்துவிடுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்" என்று கீழே எழுதிய தம்பிக்கு: கோர்ஸ் சேரட்டும், நல்லதுதான். இன்றைக்கு லேபில் பைதான் தெரியாத ஆள் கையொடிந்த ஆள். ஆனால் அது அவளை மெட்டலர்ஜியிலிருந்து வெளியே இழுக்கும் கயிறு என்று நினைத்துச் சொல்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சம்மதம் இல்லை.

செப்டம்பர் 17

சொன்னபடி எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.இ. முடித்ததும் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தரக்கட்டுப்பாட்டில் போட்டார்கள். லேப் என்பது ஒரு அறை, ஒரு கடினத்தன்மை சோதனை மெஷின், ஒரு மைக்ரோஸ்கோப், மூலையில் பாலிஷ் செய்யும் சக்கரம். சேர்ந்த சில மாதத்தில் ஒரு ஷாஃப்ட் உடைந்து திரும்பி வந்தது. கீவே (ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்கார வெட்டும் பள்ளம்) மூலையில் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீவே மூலையிலிருந்து தொடங்கி, சிப்பி ஓட்டின் முதுகில் இருப்பது போல வளைந்த வரிகள், வழுவழுப்பாக, முக்கால் பாகம் வரைக்கும். மிச்சம் இருந்த கால் பாகம் மட்டும் கரடுமுரடாக, பளபளவென்று. இதைப் பார்த்ததுமே பாதிக் கதை தெரிந்துவிடும். ஒரே அடியில் உடைந்ததல்ல, சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் நகர்ந்து, கடைசியில் தாங்க முடியாத நாளில் பட்டென்று விட்டிருக்கிறது. ஃபட்டீக்.

மேனேஜருக்கு வேண்டியது வேறு. ஸ்டீல் சப்ளை செய்தவர் தலையில் கட்ட வேண்டும். "மெட்டீரியல் டிஃபெக்ட்டுன்னு எழுதிடும்மா." நான் ஒரு துண்டு வெட்டினேன். பேக்கலைட்டில் பதித்து, எமரி பேப்பரில் 220-லிருந்து 1000 வரை, ஒவ்வொரு பேப்பருக்கும் துண்டை 90 டிகிரி திருப்பித் தேய்த்து, முந்தைய கீறல் முழுக்கப் போனபின்தான் அடுத்த பேப்பர். அப்புறம் வெல்வெட் துணியில் அலுமினா. கண்ணாடி மாதிரி முகம் தெரியும். அதில் நைட்டல் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) இரண்டு சொட்டு, சில நொடிகளில் பளபளப்பு மங்கும், உடனே கழுவ வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வெள்ளையும் கறுப்புமாகப் பரல்கள், அதாவது உலோகத்தின் குட்டிக் குட்டிப் படிகங்கள். எல்லாம் ஒழுங்கு. கடினத்தன்மை சரி, கார்பன் சரி. கீவே மூலையில் டிராயிங்கில் ஒரு சின்ன வளைவு போட்டிருந்தது, வெட்டியவர் அதைக் கத்தி முனையாக விட்டிருந்தார். விரிசல் பிறந்த இடம் அதுதான்.

அதை அப்படியே எழுதினேன். ரிப்போர்ட்டைத் திருத்தி என் கையெழுத்துக்கு அனுப்பினார்கள், போடவில்லை. கொஞ்ச நாளில் என்னைப் பர்ச்சேஸ் பிரிவுக்கு மாற்றி பில் சரிபார்க்க வைத்தார்கள். அப்போதுதான் கேட் எழுதினேன்.

ஆகவே சார், ஃபேக்டரியில் கேள்வி உங்களைத் தேடி வரும், பதிலை எழுத விடுவார்களா என்பது இடத்தைப் பொறுத்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் பதிலை யாரும் திருத்த மாட்டார்கள், ஆனால் நல்ல கேள்வியை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். எனக்குக் கேள்விகள் அந்தப் பம்ப் கம்பெனியில்தான் கிடைத்தன. பிற்பாடு லேபில் வேலை செய்த காலம் முழுக்க அதே ஷாஃப்டைத்தான் வேறு வேறு வேஷத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் யோசனை: முதலில் ஓரிரு வருடம் ஃபேக்டரி, பிறகு ஆராய்ச்சி.

செப்டம்பர் 18

"அப்போ அந்த சப்ளையர் தப்பித்தாரா?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தெரியாது. பர்ச்சேஸில் இருந்தபோது அவர் பில் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

செப்டம்பர் 22

"மெட்டலர்ஜி என்ற பெயரையே இங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?" என்று குன்னூர் வாசகி கேட்டிருக்கிறார். காந்தத்தால்.

அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இங்கே இருப்பவர்களுக்குச் சிடிசி ரோலரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கீழ்நாட்டு வாசகர்களுக்காக: பல் வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மெதுவாக, மற்றது ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக, எதிரெதிராகச் சுற்றும். வாடிய இலை நடுவில் போனால் நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். உருளை மேல் மாட்டியிருக்கும் செக்மென்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பல் மழுங்கினால் தூள் தரம் விழும், ஏலத்தில் விலை விழும். அதனால் அடிக்கடி கழற்றி லேத்தில் ஏற்றிப் பல்லைப் புதிதாக வெட்டுவார்கள்.

அந்த லேத்துக்கு அடியில் விழும் சுருள்தான் எங்கள் விளையாட்டுச் சாமான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. ரோலரில் வைத்தால் ஒட்டாது, வழுக்கி விழும். அதே ரோலரிலிருந்து வெட்டி விழுந்த சுருளில் வைத்தால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். ஒரே உலோகம்! அப்பாவிடம் கேட்டேன், லேத் கருவியின் இரும்பு கலந்திருக்கும் என்றார். கருவியிலிருந்து அவ்வளவு இரும்பு வந்தால் கருவி எங்கே மிஞ்சும் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்லூரியில்தான் விடை வந்தது. அந்த வகை ஸ்டீலில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. காந்தத்துக்கு மசியாத அணு அடுக்கை அறை வெப்பத்திலும் கலைய விடாமல் பிடித்து வைப்பது முக்கியமாக நிக்கல், அதுவும் மயிரிழையில். பலமாக வெட்டினாலோ இழுத்தாலோ அடுக்கு சரிந்து வேறு வடிவத்துக்கு மாறிவிடும், அதற்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அது காந்தத்தில் ஒட்டும். வாத்தியார் பலகையில் படம் போட்டுக்கொண்டிருக்க, என் மூக்கில் ஃபேக்டரி லேத் எண்ணெய் வாசனை.

இதில் தொழில் சங்கதியும் இருக்கிறது. பல் தேய்ந்து தூளில் கலக்கும் உலோகத்தைப் பிடிக்க ஃபேக்டரியில் காந்தம் வைக்கிறார்கள் அல்லவா? தேயிலையில் இரும்புத் துகள் கிலோவுக்கு 250 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. காந்தம் பிடிப்பது இப்படி அடுக்கு மாறிய துகளைத்தான். மாறாத துகள் தப்பித்துப் போகும். ஆகவே காந்தத்தைப் பெரிதாக்குவதோடு நிற்காமல் பல் தேய்வதைக் குறைக்க வேண்டும். தேய்வைக் குறைப்பது என்பது முழுக்க முழுக்க மெட்டீரியல்ஸ் வேலை.

செப்டம்பர் 23

"ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, அதில் என்ன ஆராய்ச்சி" என்று எழுதியவருக்கு. துருப்பிடிக்கும் ஐயா. குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்ஸைடு தோல் போர்த்தி வைத்திருக்கிறது, தோல் இருக்கும் வரை சரி. சாதாரண வகையை (304 என்பார்கள்) வெல்டிங் செய்தால், வெல்டுக்குப் பக்கத்தில் 450 முதல் 850 டிகிரி வரை சூடான இடத்தில் கார்பன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், பரல் எல்லைகளில் கார்பைடாகக் குந்திவிடும். அந்த ஓரங்களில் குரோமியம் வற்றிவிடும். பிறகு அரிப்பு அந்த எல்லை வழியாகவே உள்ளே போகும். பாத்திரம் முழுசாகத்தான் தெரியும், தட்டினால் மணி ஓசை வராது. கார்பனை 0.03 சதவீதத்துக்குள் வைத்த எல் வகை வந்தது இதற்காகத்தான். வெல்டிங் கடையில் "304 போதும், எல் எதுக்கு" என்பார்கள். ஒரு ரூபாய் மிச்சம், அப்புறம் டேங்க் போச்சு.

அக்டோபர் 2

ஃபிலிம் ஃபேக்டரி விஷயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இதைப் படிக்கும், கவனமாகத்தான் எழுத வேண்டும்.

ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் நிறுவப்பட்டது. எக்ஸ்ரே ஃபிலிம் நாடு முழுக்கப் போனது. ஃபிலிம் என்றால் என்ன? சில்வர் ஹாலைடு படிகங்களை ஜெலட்டினில் கலந்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மேல், இருட்டில், நெடுக ஒரே கனத்தில் பூசுவது. மலை முழுக்க இதைவிட நுணுக்கமான மெட்டீரியல்ஸ் வேலை எதுவும் நடக்கவில்லை. டிஜிட்டல் வந்ததும் அந்தப் பொருளுக்குக் கேட்பாரில்லை.

ஆனால் கோத்தகிரி சார், மூடியது பொருள், கலை அல்ல. இன்றைக்கு லித்தியம் பேட்டரியின் மின்முனை எப்படிச் செய்கிறார்கள்? செம்பு அல்லது அலுமினியத் தகட்டில் ஒரு குழம்பை நெடுக ஒரே கனத்தில் பூசி, உலர்த்தி, அழுத்துகிறார்கள். கனம் பிசகினால் பேட்டரி கெட்டது. அதே பூச்சுக் கலைதான். அங்கே இருந்த கைகள் இதற்குப் போயிருக்கலாம், போக வழி செய்யவில்லை. அது மெட்டலர்ஜியின் குற்றமா?

உங்கள் மகள் ஒரு பொருளை மட்டும் கற்றுக்கொள்ளக் கூடாது, பூசுவது, உருக்குவது, முறிவைப் படிப்பது மாதிரி செய்முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்டோபர் 5

இல்லை தம்பி, ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி கிண்ண ஆன்டெனா அல்ல. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், பாதி உருளை மாதிரி. 1970-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது. நம் ஊர் அட்சரேகை சுமார் 11 டிகிரி, அதே சாய்வுள்ள மலைச்சரிவாகப் பார்த்து வடக்கு தெற்காக வைத்தார்கள், அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் தொடரலாம்.

எல்லோரும் சாய்வைப் பற்றிச் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது கம்பி. பிரதிபலிக்கும் பரப்பு தகடு கிடையாது. 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், நெடுக இணையாக, 24 சட்டங்கள் மேல் இழுத்துக் கட்டியவை. தகடாக இருந்தால் நம் காற்று அதைப் பிடுங்கி எறியும், எடையும் தாங்காது. ரேடியோ அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர், கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் சந்து அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சாதாரண இரும்புக் கம்பி இந்தப் பனியிலும் மழையிலும் எத்தனை நாள் நிற்கும்? வானியல்காரர்கள் எடுத்த முடிவுதான், ஆனாலும் அதில் ஒரு மெட்டலர்ஜிஸ்ட் உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 6

சிங்காரா நண்பர் பவர் ஹவுஸை விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொண்டார். நியாயம்தான். பைக்காரா 1932-லிருந்து மின்சாரம் தருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மணல் கலந்தால் பெல்டன் சக்கரத்தின் (தண்ணீர் அடித்துச் சுற்றும் டர்பைன்) கிண்ணங்களை அது அறுக்கும். அதற்காகத்தான் இன்றைய சக்கரங்களுக்கு 13 சதவீதக் குரோமியம், 4 சதவீத நிக்கல் ஸ்டீல். தேய்ந்த இடத்தை முன்சூடு கொடுத்து வெல்டிங்கில் நிரப்பிச் சாணை பிடிப்பார்கள். முன்சூட்டில் சோம்பல் பட்டால் வெடிப்பு.

அக்டோபர் 21

மழை. இரண்டு நாள் கரண்ட் இல்லை. மண் சரிந்து ரயிலும் ரத்து. வழக்கமான ஐப்பசி.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் தண்டவாளப் பல்லில் ஏறித்தான் வண்டி மேலே வருகிறது, செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். பழைய எக்ஸ் வகை என்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தில் செய்தவை, பிறகு அதே வகையில் புதிதாகத் திருச்சி பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பாகத்தை இன்றைய ஸ்டீலில் திரும்பச் செய்வது எவ்வளவு ருசியான வேலை தெரியுமா? அந்தக் காலத்து ஸ்டீலில் கந்தகம் எவ்வளவு, சூடேற்றிய முறை என்ன, எதை அப்படியே வைப்பது, எதை மேம்படுத்துவது. அதைச் செய்பவருக்கு ஆராய்ச்சியாளர் என்ற பட்டம் கிடையாது. செய்வது ஆராய்ச்சிதான்.

அக்டோபர் 22

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, சொல்லக்கூடிய அளவுக்கு: க்ரீப். ஒரு ஸ்டீல் கம்பியை உலைக்குள் தொங்கவிட்டு, எடை கட்டி, அது எவ்வளவு மெதுவாக நீள்கிறது என்று பார்ப்பது. வேகப் பெருக்க உலை என்கிற அணு உலையில் குளிர்விப்பது திரவ சோடியம், 500 டிகிரிக்கு மேல். அங்கே நீராவி தயாரிக்கும் குழாயின் ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர். நடுவில் இருப்பது குழாயின் சுவர் மட்டுமே. சோடியத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரும் அதன் வெல்டும் பல வருடம் நிற்குமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிச் சோதனைகளில் சில ஒரு லட்சம் மணி நேரம் தாண்டும். பதினோரு வருடத்துக்கு மேல். ஒருவர் எடை கட்டுவார், அவர் ஓய்வு பெற்றபின் வேறொருவர் முறிவைப் பார்ப்பார். நான் சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்பியை ஆரம்பித்தவர் யாரென்று பதிவேட்டுக் கையெழுத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பொறுமை இல்லாதவளுக்கு இந்தப் பிரிவு வேண்டாம். பொறுமை இல்லாதவர்களுக்கும் பொருத்தமான பிரிவுகள் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: வெல்டிங், வார்ப்பு, முறிவு ஆய்வு. இன்று வந்த துண்டுக்கு நாளை பதில்.

நவம்பர் 1

"முதலில் ஃபேக்டரி, பிறகு ஆராய்ச்சி" என்று செப்டம்பரில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அது எனக்கு ஒத்து வந்த வழி. பெண்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் எழுதியாக வேண்டும். ஃபேக்டரியில் ஓரிரு வருடம் என்று போனால் அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு பிஹெச்.டி. என்பதை மாமியார் வீட்டில் அனுமதி கேட்கும் விஷயமாக்கிவிடுவார்கள். கூட வேலை பார்த்த ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று, என்னைவிடக் கெட்டிக்காரி. ஆகவே அந்த ஆலோசனை உங்கள் வீட்டைப் பொறுத்தது சார். நீங்கள் காத்திருப்பவரானால் ஃபேக்டரிக்குப் போகட்டும். அவசரப்படுபவரானால் நேராக எம்.டெக். சேரட்டும், ஃபேக்டரியை விடுமுறைப் பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே சேர்வது என்று கேட்டிருந்தீர்கள்: சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி. மூன்றிலும் வலுவான துறை. அரிப்பு, பேட்டரி பக்கம் மனம் போனால் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம். கல்லூரிப் பெயரைவிட கைடு யார் என்பதைப் பாருங்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும்.

நவம்பர் 3

"சார் அவசரப்படுபவரா இல்லையா?" என்று இழை முழுக்கக் கலாய்க்கிறார்கள். மனிதரை விடுங்கள் பாவம். அவர் பதில் எழுதும்வரை யாரும் வரன் அனுப்ப வேண்டாம்.

நவம்பர் 24

சார் தனியாக எழுதியிருந்தார். நேராக எம்.டெக். என்று முடிவாம். ஆறாம் செமஸ்டர் புராஜெக்டுக்கு மகள் சிடிசி பல் தேய்வதையே எடுத்துக்கொள்ளப் போகிறாளாம், காந்தக் கதையைப் படித்துவிட்டு. மாற்றச் சொல்லவில்லை, சுருக்கச் சொன்னேன். "தேய்வைக் குறைப்பது" என்று தலைப்பு வைத்தால் ஒரு செமஸ்டரில் மூச்சு முட்டும். புதுப் பல், பாதி தேய்ந்த பல், கழித்துப்போட்ட பல், மூன்றையும் வெட்டி விளிம்பில் கடினத்தன்மை எப்படி மாறியிருக்கிறது, அடுக்கு எவ்வளவு ஆழம் மாறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கட்டும். விக்கர்ஸ் கடினத்தன்மை மெஷினில் குறைந்த எடை போட்டு விளிம்பிலிருந்து உள்ளே வரிசையாகக் குத்த வேண்டும், குத்துக்குக் குத்து இடைவெளி விட்டு.

அம்மா, நீயும் படிக்கிறாய் என்று அப்பா சொன்னார், அதனால் நேராகவே எழுதுகிறேன். செக்மென்டை ஃபேக்டரியில் கிரைண்டரில் அறுத்துத் தரச் சொல்லாதே, சூட்டில் விளிம்பு கெட்டுவிடும். மெதுவாக ஓடும் கட்டரில் தண்ணீர் விட்டு அறு. நைட்டல் இந்த ஸ்டீலில் வேலை செய்யாது, ஆக்ஸாலிக் அமிலத்தில் மின்சாரம் கொடுத்துத்தான் எட்ச் செய்ய (பரல் தெரிய முகத்தை லேசாக அரிக்க) வேண்டும், கையுறை போட்டுக்கொள். பல் எந்த ரோலரிலிருந்து வந்தது, வேகமானதா மெதுவானதா, கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று ஃபிட்டரிடம் கேட்டு எழுதி வாங்கு. மேனேஜரிடம் கேட்காதே, ஃபிட்டரிடம் கேள்.